புள்ளி சின்னதுதான், உடனே கிளம்பி வாருங்கள்

விரல் துண்டாகிப் போனவர்கள், கைக்காயங்களுக்கு ஆபரேஷன் செய்யும் எங்களிடம் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் சூப்பர்வைசர் முதல் செக்யூரிட்டி வரை எல்லோரும் ஓடுவார்கள், வண்டியும் உடனே கிடைக்கும். ரத்தமே வராத காயங்கள்தான் தாமதமாக வருகின்றன. போன வாரமும் அப்படி ஒன்று. ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். லோடை ஏற்றி இறக்கும் முன்பக்கத் தூணான மாஸ்ட் அருகே ஆயில் கசிகிறதே என்று, அழுத்தத்தோடு ஆயில் ஓடும் ஹைட்ராலிக் ஹோஸைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறார். ஆள்காட்டி விரல் நுனியில் சுருக்கென்று குத்தியது. பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டு ஷிப்டை முடித்துவிட்டார். ராத்திரி வலி தாங்காமல் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு டிடி ஊசி, வலி மாத்திரை. எங்களிடம் வந்தது மறுநாள் மதியம். விரல் வெளுத்து விறைத்திருந்தது. உள்ளங்கை வரை திறந்து கழுவினோம். விரலை மடக்கும் நாரான தசைநாணின் உறை நெடுக ஆயில். விரல் போய்விட்டது.

“ஊசி முனை அளவு புள்ளிதானே டாக்டர்?” இதைக் கேட்டுக் கேட்டு மனசு வெறுத்துப்போய்விட்டது. பொறுமையாகவே சொல்கிறேன். ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போக 7 பார் அழுத்தம் போதும். லோடு தூக்கும்போது ஹோஸுக்குள் இருப்பது 150 பார், அதற்கு மேலும். ஊசித் துளையிலிருந்து வரும் பீச்சல் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. விரல் நுனியில் நுழைந்த ஆயில் அங்கேயே நிற்காது, தசைநாண் வழியாக உள்ளங்கைக்கு ஓடும். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் பெரிதாக வலிக்காது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அதற்குள் சதை வீங்கி ரத்த ஓட்டத்தை நெரித்துவிடும், ஆயில் பட்ட சதை அழுக ஆரம்பிக்கும். மாத்திரைக்கு இதில் வேலையே இல்லை. ஆபரேஷன் தியேட்டர்தான், அதுவும் 6 மணி நேரத்துக்குள் போனால் நல்லது. புள்ளி சின்னதாக இருப்பதாலேயே இது பயங்கரமான காயம்.

கசிவைக் கண்டால் ஃபோர்க்கைக் கீழே இறக்குங்கள், சாவியை எடுங்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஹோஸைத் தொடாதீர்கள். மெக்கானிக்கும் துளையைத் தேட அட்டைத் துண்டைத்தான் நீட்ட வேண்டும், கையை அல்ல.

நசுங்கிய கையும் இதேபோல ஏமாற்றும். சரக்கு அடுக்கிய பலகைத் தட்டை, அதாவது பேலட்டை, ராக்கில் வைக்கும்போது ஹெல்பர் கையால் தள்ளிக்கொடுப்பார். இடையில் கை மாட்டும். தோல் கிழியவில்லை, எலும்பு உடையவில்லை, ஐஸ் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுவார்கள். அந்தக் கை மரத்துப்போனாலோ, விரலை வேறொருவர் மெதுவாக நிமிர்த்தினாலே உயிர் போவதுபோல் வலித்தாலோ, உள்ளே தசை நெரிபடுகிறது என்று அர்த்தம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் தசை செத்துவிடும். மோதிரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். சொல்லப்போனால் மோதிரத்தோடு வேலைக்கே வராதீர்கள்.

அப்புறம், “கிளவுஸ் போட்டிருந்தேனே” என்பார்கள். சிராய்ப்புக்கும் மரச்சிலாம்புக்கும் சரி. ஒரு டன் லோடுக்கு அது வெறும் துணி.

மாஸ்ட்டின் இடைவெளி வழியாகக் கையை விட்டு லோடைச் சரிசெய்யவே கூடாது. வண்டியை நிறுத்தி, இறங்கி, சுற்றிப் போங்கள். குறுகலான பாதையில் போகும்போது வண்டியின் கூரைக் கம்பியை வெளிப்பக்கமாகப் பிடிக்காதீர்கள். கம்பிக்கும் ராக்குக்கும் நடுவே நான்கு விரலும் போகும். விரல் துண்டானால் ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது.

சூப்பர்வைசர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக் கதவில் மாட்டியது என்று சொல்லச் சொல்லி ஆளை அனுப்பாதீர்கள். ஹைட்ராலிக் ஆயில் என்று தெரியாமல் டாக்டர் முள் குத்திய காயம்போலப் பார்த்து அனுப்பினால் அந்தக் கை போய்விடும். இஎஸ்ஐ-யில் இருப்பவர், கான்ட்ராக்ட் தொழிலாளியே ஆனாலும், வேலையில் அடிபட்டால் குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் அவருக்கு வர வேண்டும். கதவுக் கதை சொன்னால் அது சாதாரண நோய் விடுப்பாகி 70 சதவீதமாகக் குறையும், அதற்கும் நாள் கணக்கு உண்டு. ஆளை வண்டியில் ஏற்றும்போதே, “ஃபோர்க்லிஃப்ட் ஹோஸிலிருந்து ஆயில் ஏறியிருக்கிறது” என்று மருத்துவமனைக்கு போன் செய்து சொல்லுங்கள். ஆயில் டின்னின் லேபிளை ஒரு போட்டோ எடுத்துக் கூட வருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.