லினக்ஸுக்கு மாறுகிறீர்களா? முதலில் உங்கள் பிரிண்டரைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததிலிருந்து, பாளையங்கோட்டையில் நான் சர்வீஸ் பார்க்கும் மேஜைக்கு வரும் பழைய லேப்டாப்கள் பாதிக்கு மேல் ஒரே கேள்வியோடுதான் வருகின்றன: இதைத் தூக்கிப் போட வேண்டியதுதானா? வேண்டாம். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கும், இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ கேட்கும், அது இல்லை என்பதற்காக நன்றாக ஓடுகிற மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை. லினக்ஸ் போடலாம், விண்டோஸுக்குப் பதிலாக மெஷினை ஓட்டும் மென்பொருள் அது, பல வடிவங்களில் கிடைக்கும். ஆனால் எந்த லினக்ஸ் என்பதை யூடியூப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்த மெஷினில் தினமும் என்ன வேலை பார்க்கிறீர்கள், அதோடு என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

டவுனில் கடை வைத்திருப்பவர் வந்து "அண்ணாச்சி, இதுல டேலி ஓடும்லா?" என்று கேட்டால் நேராகவே சொல்லிவிடுவேன், டேலி விண்டோஸுக்காகச் செய்தது, கணக்கு பார்க்கிற மெஷினில் கை வைக்காதீர்கள் என்று. பேஜ்மேக்கரும் வானவில் ஃபாண்டுமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களுக்கும் அதே பதில்தான். மற்றபடி மெயில், பேங்க், படம் பார்ப்பது, பிள்ளைகள் படிப்பு, யூனிகோடில் தமிழ் டைப் செய்வது, இவ்வளவுதான் வேலை என்றால் தாராளமாக மாறலாம். தமிழ்99 கீபோர்டும் அதில் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பது லினக்ஸ் மின்ட். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, கடிகாரம் வலது ஓரம், விண்டோஸ் 7 பழகிய கைக்கு எதையும் தேட வேண்டியிருக்காது. 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. மின்ட்டிலேயே பல டெஸ்க்டாப் வடிவங்கள் உண்டு: 8 ஜிபி ரேம் என்றால் சின்னமன், 4 ஜிபி என்றால் அதைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ. உபுண்டுவும் சோரினும் நல்லவைதான், பிடித்தால் போடுங்கள். காளி லினக்ஸ் மட்டும் வேண்டாம். ஹேக்கிங் வீடியோ பார்த்துவிட்டு இன்ஜினியரிங் பிள்ளைகள் முதலிலேயே அதைக் கேட்கிறார்கள், லினக்ஸ் தெரியாதவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று காளியைச் செய்கிறவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அரசு கொடுத்த இலவச லேப்டாப் பல வீட்டில் பரண்மேல் கிடக்கும், அதில் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதைவிட வேகமான ஒரு எஸ்எஸ்டி மாட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ போட்டுப் பாருங்கள். அந்த எஸ்எஸ்டி இல்லாமல் எந்த லினக்ஸ் போட்டாலும் பெரிய வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

சரி, எதைப் போடுவதாக இருந்தாலும் முதலில் பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். மின்ட் நேராக டெஸ்க்டாப்பில் வந்து நிற்கும். இன்ஸ்டால் ஐகானைத் தொடாமல் வைஃபை, சவுண்ட், டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா, மூடி வைத்துத் திறந்தால் திரை எழுந்து வருகிறதா என்று பாருங்கள். வைஃபை வரவில்லை என்றால் உடனே மனம் தளர வேண்டாம், செல்போனை கேபிளில் மாட்டி, அதன் இன்டர்நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் தரும் யூஎஸ்பி டெத்தரிங் போட்டு, மின்ட்டில் உள்ள டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பல மெஷின்களில் அதுவே வைஃபையை ஓட்டும் மென்பொருளான டிரைவரைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

அப்புறம் பிரிண்டர். இதை யாரும் யோசிப்பதே இல்லை. ஹெச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் மாட்டியதும் வந்துவிடும், சில மாடலுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பிளக்இன் இறக்க வேண்டியிருக்கும். ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் பார்க்கும் கேனான் எல்பிபி 2900 அப்படியல்ல, அதற்கு கேப்ட் என்ற தனி டிரைவர் வேண்டும், புதியவர் தனியாக உட்கார்ந்து போடுவது சிரமம். அந்த பிரிண்டர்தான் உங்கள் பிழைப்பு என்றால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாவது அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து இன்ஸ்டால் செய்யும்போது 'எரேஸ் டிஸ்க்' என்று ஒரு வழி காட்டும். அது விண்டோஸை மட்டும் எடுக்காது, அதே டிஸ்க்கில் இருக்கும் டி டிரைவ், இ டிரைவ் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அழிக்கும். அதனால் ஃபோட்டோக்களையும் பத்திரங்களின் ஸ்கேனையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதை இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி நாலைந்து ஃபைலாவது திறந்து பார்த்த பிறகு அந்த பட்டனை அழுத்துங்கள்.