முனைத்தாங்கி: பிடிப்பது ஒன்று, தாங்குவது ஒன்று

"ஒரு மீட்டர் பால் ஸ்குரூ, அதற்கு நட், அப்புறம் ரெண்டு பக்கத்துக்கும் பேரிங் பிளாக்." சின்னதாக ஒரு சிஎன்சி ரவுட்டர், அதாவது கணினி சொல்கிறபடி வெட்டும் இயந்திரம், கட்ட உட்கார்ந்தபோது நான் எழுதிய பட்டியல் இது. பால் ஸ்குரூ என்பது மரை வெட்டிய நீளத் தண்டு. மோட்டார் அதைச் சுற்றினால், அதன்மேல் குண்டுகளில் உருளும் நட்டு நகர்ந்து மேசையைத் தள்ளும். தண்டின் முனைகளுக்கு வரும் பேரிங் வைத்த கூடுதான் பேரிங் பிளாக். கடையில் பிகே, பிஎஃப் என்று இரண்டு வகை பிளாக்குகளை எடுத்து வைத்தார்கள். பிகே கனமாக, கெட்டியாக இருந்தது. பிஎஃப் இலேசாக, உள்ளே ஒரே ஒரு சாதாரண பேரிங்கோடு இருந்தது. நல்லதையே போடுவோம் என்று இரண்டு முனைக்கும் பிகே வாங்கிவந்தேன்.

மாட்டியபோது ஒரு குறையும் தெரியவில்லை. கையால் திருப்பினால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அரை மணி நேரம் வேகமாக ஓடிய பிறகுதான் மோட்டார் முனக ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் சுற்ற வேண்டிய சின்னச் சின்ன அடிகளில் (ஸ்டெப்) சிலவற்றைத் தவறவிட்டு, வெட்டுக் கோடு விலகிப் போனது. ஸ்குரூவைத் தொட்டால் சூடு. பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டும் அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பக்கமும் இப்படி இறுக்கிப் பிடிச்சுட்டீங்களே தம்பி, சூடான கம்பி எங்க போகும்? ஒரு பக்கம் பிடிங்க. மறுபக்கம் தாங்குனாப் போதும்."

பிடிப்பது வேறு, தாங்குவது வேறு. பேரிங் என்ற சொல்லும் அதற்கு நாம் எழுதும் தாங்கி என்ற சொல்லும் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. பால் ஸ்குரூவுக்கு பிளாக் தேர்ந்தெடுப்பதோ, முழுக்க முழுக்க இந்த வேறுபாட்டை வைத்துத்தான்.

முதலில் பேரிங். ஆங்கிலத்தில் பேர் என்ற வினைக்குச் சுமத்தல், பொறுத்தல், பிள்ளை பெறுதல் என்று பல பொருள் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அது பெரன். மொழியியலார் இதை இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றுக்குக் கொண்டுபோகிறார்கள். அதே வேரிலிருந்து சமஸ்கிருதத்தில் பரதி, அதாவது சுமக்கிறான், என்ற வினையும் பார என்ற பெயரும் வந்தன. அந்த பார நம்மிடம் வந்து பாரம் ஆயிற்று. ஆக, "இந்த பேரிங் இவ்வளவு பாரம் தாங்காது" என்று ஒருவர் சொல்லும்போது ஒரே குடும்பத்துச் சொற்கள் இரண்டு, வேறு வேறு வழியாக வந்து, ஒரே வாக்கியத்தில் சேர்ந்துவிடுகின்றன. எனக்கு இது எப்போது நினைத்தாலும் மகிழ்ச்சி தரும் செய்தி.

இனி தமிழ். தாங்கு என்ற வினையோடு இகரம் சேர்ந்தால் தாங்கி. இடிதாங்கி அப்படி வந்தது. சுமைதாங்கியும் அப்படித்தான். பழைய பெருவழிகளின் ஓரத்தில் இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர் குனியாமல், யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், சுமையை அதன்மேல் இறக்கிவைத்து இளைப்பாறலாம். கருவோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நட்டு வைக்கும் வழக்கமும் இருந்தது. சுமைதாங்கியை இங்கே சும்மா சொல்லவில்லை. அதன் மேல்கல் சுமையைக் கீழே விழாமல் ஏந்துகிறதே தவிர, கட்டிப் பிடித்துக்கொள்வதில்லை. சுமையை இப்படியும் அப்படியும் நகர்த்தலாம். தாங்குதல் என்பதன் சரியான பொருள் அதுதான்.

இலங்கைத் தமிழர் பாடநூல்களில் பேரிங்குக்கு வேறு சொல் எடுத்தார்கள்: போதிகை. பால் பேரிங் அங்கே குண்டுப் போதிகை. கோயில் மண்டபத்தில் தூணின் உச்சியில், உத்திரத்துக்கு அடியில், கை நீட்டியதுபோல் இருபுறமும் நீண்டிருக்கும் கல்லைச் சிற்பிகள் போதிகை என்பார்கள். சோழர் கோயில்களில் வெட்டுப் போதிகை, விசயநகர, நாயக்கர் காலத்தில் பூமொட்டு தொங்கும் பூப்போதிகை என்று அதை வைத்தே காலத்தைக் கணிப்பவர்கள் உண்டு. அசையாத கல்லுக்கு இருந்த பெயரைச் சுழலும் உறுப்புக்குக் கொடுத்தது துணிச்சலான வேலை. அழகான சொல்லும்கூட. ஆனால் இங்கே தமிழ்நாட்டுப் பட்டறையில் அதைச் சொன்னால் கோயில்தான் நினைவுக்கு வரும். தாங்கி என்றால் எவருக்கும் உடனே புரியும். பேரிங்குக்கு நான் தாங்கியையே வைத்துக்கொள்கிறேன்.

பால் ஸ்குரூவின் முனையில் வரும் பேரிங் பிளாக்குக்கு, ஆங்கிலத்தில் சப்போர்ட் யூனிட், என்ன சொல்வது? தாங்கி அலகு என்று எழுதுகிறார்கள். யூனிட் என்று இருந்ததால் அலகு வந்து ஒட்டிக்கொண்டது, வேறு காரணம் இல்லை. அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: எப்போதும் ஸ்குரூவின் முனையில். அதனால் முனைத்தாங்கி என்றாலே போதும். ஜெர்மானியர்கள் இதில் தெளிவாக இருக்கிறார்கள். பேரிங்குக்கு அவர்கள் சொல்லும் லாகர், கிடத்தல் என்ற வினையோடு உறவுள்ளது. அதன்மேல் ஃபெஸ்ட்லாகர், லோஸ்லாகர் என்று இரண்டு பெயர் கட்டியிருக்கிறார்கள். ஒன்று உறுதியாகப் பிடித்தது, மற்றது தளர விட்டது. பெயரைக் கேட்டதுமே எது எங்கே போகும் என்று தெரிந்துவிடும்.

நமக்கும் அதற்கான வினைகள் கைவசம் இருக்கின்றன. அந்த அண்ணன் இரண்டைச் சொன்னார், மூன்றாவதை நான் சேர்த்துக்கொள்கிறேன்: பிடி, தாங்கு, விடு. ஸ்குரூவைச் சுற்ற மட்டும் விட்டு, முன்னும் பின்னும் இம்மி நகராமல் வைத்திருப்பது பிடிமுனை. மேலும் கீழும் ஆடாமல் ஏந்திக்கொண்டு, நீளவாக்கில் நகர இடம் கொடுப்பது தாங்குமுனை. ஒன்றுமே போடாமல் அந்தரத்தில் நிற்பது விடுமுனை. பிகே, ஈகே, எஃப்கே என்று வருபவை பிடிமுனைக்கு. பிஎஃப், ஈஎஃப், எஃப்எஃப் என்று வருபவை தாங்குமுனைக்கு. முதலெழுத்து வடிவத்தையும் அளவையும் பொறுத்தது. எஃப்கே வட்டத் தகடு வைத்து சுவரில் மாட்டுவது, பிகே அடிப்பலகையில் உட்காருவது, ஈகே அதைவிடச் சிறிய ஸ்குரூகளுக்கும் கிடைப்பது. இதில் குழம்ப ஒன்றுமில்லை.

குழப்பம் வருவது எண்ணில். 16 மி.மீ. ஸ்குரூவுக்கு வழக்கமாகப் போடுவது பிகே 12, பிஎஃப் 12 ஜோடி. இரண்டிலும் 12 இருப்பதால் இரண்டு முனையையும் 12 மி.மீ. கடையச் சொல்லிவிடுவார்கள். பிகே 12-இன் துளை 12 மி.மீ.தான். பிஎஃப் 12-க்குள் இருப்பதோ 6000 எண் பேரிங், அதன் துளை 10 மி.மீ. இரண்டுக்கும் ஒரே எண் வந்தது ஜோடி என்பதால். அடித்தளத்திலிருந்து தண்டின் மையம் வரை இரண்டிலும் ஒரே உயரம், 25 மி.மீ. பிஎஃப் 10 எடுத்தால் அதற்குள் 608, துளை 8 மி.மீ. லேத்துக்குக் கொடுக்கும் முன் வரைபடத்தில் இரண்டு முனையின் விட்டத்தையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்.

சரி, பிகேயைத் திறந்தால் என்ன இருக்கும்? எதிரெதிராகத் திருப்பி வைத்த இரண்டு ஆங்குலர் பேரிங். சாதாரண பேரிங்கில் குண்டு பள்ளத்தின் நடுவில் உட்கார்ந்து பக்கவாட்டுச் சுமையை நன்றாக ஏந்தும், நீளவாக்குத் தள்ளலைக் கொஞ்சம்தான் பொறுக்கும். ஆங்குலரில் பள்ளம் சாய்ந்திருப்பதால் தள்ளலை எதிர்த்து நிற்கும், ஆனால் ஒரு திசையில் மட்டும். அதனால்தான் இரண்டு. ஒன்று போகும்போது பிடிக்கும், மற்றது வரும்போது பிடிக்கும். பெரிய இயந்திரங்களின் ஸ்குரூவுக்கென்றே செய்யும் தாங்கிகளில் இந்தச் சாய்வு 60 பாகை வரை போகும். நட்டு மேசையைத் தள்ளும் விசை அத்தனையும் திரும்ப வந்து இடிப்பது இந்தப் பிடிமுனையில்தான். ஆகவே தாங்குதிறன் கணக்குப் போடும்போது பார்க்க வேண்டியது பிகேயின் நீளவாக்குத் திறன். முனையில் எம் 12, புரியிடை 1 மி.மீ. என்ற நுண்மரை நட்டு ஒன்று உள்வளையங்களை இறுக்கி நிறுத்தும். மாட்டு வண்டியில் இருசின் முனையில் சொருகும் கடையாணிக்கு உள்ள முக்கியத்துவம் இந்த நட்டுக்கு. அது தளர்ந்தால் பிடிமுனை என்ற பெயர் போய்விடும், மேசை திசை மாறும்போதெல்லாம் ஆட்டம் காட்டும்.

மலிவாக வாங்கிய ஒரு பிகேயைப் பிரித்தபோது உள்ளே ஆங்குலருக்குப் பதில் இரண்டு சாதாரண பேரிங் இருந்ததை நானே பார்த்தேன். வெளியே எந்த வேறுபாடும் தெரியாது. வாங்கியதும் நட்டைக் கழற்றி, பேரிங்கின் மேல் பொறித்த எண்ணைப் பாருங்கள். 7001 என்று 70-இல் தொடங்கினால் ஆங்குலர். 6001 என்று 60-இல் தொடங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிஎஃப் எளிமையானது. உள்வளையத்தைத் தண்டோடு சர்க்ளிப் என்ற ஒரு பூட்டு வளையம் பிடித்துக்கொள்ளும். வெளிவளையம் கூட்டுக்குள் வழுக்க வேண்டும். ஏன் வழுக்க வேண்டும் என்பதற்கு என் ஸ்குரூவே சாட்சி. ஒரு மீட்டர் எஃகு ஒரு பாகை செல்சியஸ் சூடானால் சுமார் 12 மைக்ரான் நீளும். 10 பாகைக்கு 0.12 மி.மீ., ஒரு தலைமுடியின் பருமனுக்கு மேல். இவ்வளவுதானே என்று தோன்றும். அடிவிட்டம் (மரையின் பள்ளத்தில் அளக்கும் விட்டம்) 13 மி.மீ. உள்ள ஸ்குரூவின் இரண்டு முனையும் இம்மியும் அசையாமல் நின்றால், இந்த நீட்சியை அடக்கி வைக்க வேண்டிய விசை ஏறக்குறைய 330 கிலோ எடைக்குச் சமம். பிளாக் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் முழுசும் வராது. பாதி வந்தால்கூட அந்தப் பேரிங்குகள் என்ன பாடுபடும்? மோட்டார் முனகியது அதனால்தான்.

பிடி–பிடி என்ற அமைப்பே தப்பு என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. பெரிய இயந்திரங்களில் அதைச் செய்கிறார்கள், ஸ்குரூவை முன்கூட்டியே இழுத்து விறைப்பேற்றி. சூட்டில் வரும் நீட்சி அந்த இழுப்பைத் தளர்த்துவதோடு நின்றுவிடும். அதற்கேற்ற கனமான கூடும், அளந்து இறுக்கும் வசதியும் வேண்டும். அதெல்லாம் இல்லாத வீட்டு இயந்திரத்தில் அது வேண்டாம்.

முனைகளை எப்படிச் சேர்க்கிறோம் என்பதில் வேகத்தின் எல்லையும் அடங்கியிருக்கிறது. நீளமான தண்டு ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஸ்கிப்பிங் கயிறுபோல் வயிறு தள்ளிச் சுற்ற ஆரம்பிக்கும். அந்த வேகம் அடிவிட்டத்தோடு கூடும், நீளத்தின் வர்க்கத்தோடு குறையும். நீளம் இரட்டித்தால் வேகம் கால் பங்கு. அதே 13 மி.மீ. அடிவிட்டம், ஒரு மீட்டர் நீளம் என்று வைத்து, பாதுகாப்புக்கு 20 விழுக்காடு குறைத்துக் கணக்குப் போட்டால், பிடி–விடு அமைப்பில் நிமிடத்துக்கு சுமார் 440 சுற்று, தாங்கு–தாங்கு 1260, பிடி–தாங்கு 1960, பிடி–பிடி 2850. சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் ஸ்குரூவில், முனையைச் சும்மா விட்டால் மேசை நிமிடத்துக்கு 2.2 மீட்டர்தான் ஓடலாம். அதே ஸ்குரூவுக்கு மறுமுனையில் ஒரு பிஎஃப் போட்டதும் 9.8 மீட்டர். ஒரே ஒரு 6000 பேரிங் செய்யும் வேலை இது. அழுத்தத்தில் வளைந்து போகாமல் நிற்கும் வலுவும் இதே வரிசையில்தான் கூடும்: தாங்கு–தாங்கை 1 என்று வைத்தால் பிடி–விடு கால், பிடி–தாங்கு 2, பிடி–பிடி 4. முன்னூறு மி.மீ.க்குள் முடியும் குட்டி இயந்திரத்துக்கு விடுமுனை போதுமானதாக இருக்கலாம், கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மாட்டும்போது மேசையைப் பிடிமுனைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிகேயின் போல்ட்டுகளை இறுக்குங்கள். பிறகு மேசையை மறுகோடிக்கு ஓட்டிவிட்டு பிஎஃப்பை இறுக்குங்கள். அப்போதுதான் இரண்டு மையமும் நட்டின் கோட்டில் வந்து உட்காரும். இறுக்கும் முன்னால் பிஎஃப்புக்குள் பேரிங்கை விரலால் தள்ளிப் பார்க்கவும். நகரவில்லை என்றால் அது தாங்குமுனை இல்லை, பெயரை மாற்றிக்கொண்ட பிடிமுனை.

செங்குத்தாக நிற்கும் இசட் அச்சில் மட்டும் ஒரு கேள்வி மிச்சம்: பிடிமுனை மேலேயா, கீழேயா? மேலே. வெட்டும் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் எடை ஸ்குரூவைப் பிடிமுனையிலிருந்து கீழே இழுத்துத் தொங்கும். இழுபடும் தண்டு வளையாது. கீழே பிடித்தால் அதே எடை தண்டை மேலிருந்து அமுக்கும். அப்புறம் பால் ஸ்குரூவில் உராய்வு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் போனதும் எடை தானாகவே ஸ்குரூவைச் சுழற்றிக்கொண்டு இறங்கிவிடும். தாங்கி எதுவும் அதைத் தடுக்காது, மோட்டாரில் பிரேக் வேண்டும்.