திருத்தமே காட்டிக்கொடுக்கும் ஓட்டை

"எங்கள் சர்வர் ஏழு வருடமாக ஒரு தொந்தரவும் தராமல் ஓடுகிறது. மென்பொருள் என்ன இரும்பா, துருப்பிடிக்க? சப்போர்ட் முடிகிறது என்பதற்காக எதற்கு எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மாற்ற வேண்டும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் வைத்திருப்பது விண்டோஸ் சர்வர் 2016. அதற்கான சப்போர்ட், அதாவது தயாரிப்பாளர் திருத்தங்கள் அனுப்புவது, 2027 ஜனவரி 12-ஆம் தேதியோடு முடிகிறது.

நியாயமான கேள்வி. சப்போர்ட் முடிந்த மறுநாள் காலையில் அந்த சர்வரில் ஒரு பிட் கூட இடம் மாறியிருக்காது. நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். மாறிப்போவது, அதைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான்.

எந்த மென்பொருளிலும் பிழை இருக்கும். சில பிழைகள் வழியாக வெளியாள் உள்ளே வந்துவிடலாம். அப்படிப்பட்ட ஓட்டையைத் தயாரிப்பாளர் அடைத்து அனுப்புவது பேட்ச். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அவற்றை மொத்தமாக வெளியிடுகிறது. இதெல்லாம் தெரிந்த கதைதான். ஆனால் அந்த பேட்ச் யார் கைக்கெல்லாம் போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? எல்லார் கைக்கும்தான். திருடுகிறவன் கைக்கும்.

அவன் செய்வது இது: பேட்ச் போடுவதற்கு முந்தைய கோப்பு ஒன்று, போட்ட பிறகான கோப்பு ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறான். உள்ளே ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்கள், அதாவது ஆளுக்கொரு வேலை செய்யும் நிரல் துண்டுகள். ஒவ்வொன்றும் எப்படிக் கிளை பிரிந்து ஓடுகிறது என்பதைப் படமாக்கி ஒப்பிடும் கருவிகள் உண்டு. பெரும்பாலானவை அச்சு அசலாக ஒத்துப்போகும். ஏதோ நாலைந்தில் மட்டும் வித்தியாசம் தெரியும். அதில் ஒன்றைத் திறந்தால், முன்பு இல்லாத ஒரு சோதனை புதிதாக முளைத்திருக்கும்: "வந்த நீளம் இந்த அளவைத் தாண்டினால் நிராகரி." அப்படியென்றால் நேற்று வரை அந்த நீளத்தை யாரும் சரிபார்க்கவில்லை! ஓட்டை எந்த அறையில், எந்தச் சுவரில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைப் பூச்சே சொல்லிவிட்டது. 2008-இல் கார்னெகி மெலன், பெர்க்லி, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் கொடுத்தால், பழையதைத் தாக்கும் உள்ளீட்டைக் கணினியே சில நிமிடங்களில் தயாரித்துத் தர முடியும் என்று ஐந்து மைக்ரோசாஃப்ட் நிரல்களில் செய்து காட்டினார்கள்.

ஒரு நிஜ ஓட்டையைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். எனக்கு இதை விவரிப்பதில் சலிப்பே வராது.

விண்டோஸில் கோப்புகளைப் பகிர எஸ்எம்பி என்று ஒரு நெறிமுறை. அதன் முதல் பதிப்பில், ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்டும் 1987-இல் கொண்டுவந்த ஓஎஸ்/2 இயங்குதளத்தின் பாணியில் ஒரு பட்டியல் வந்தால், அதை விண்டோஸ் பாணிக்கு மாற்றுகிற சின்ன ஃபங்ஷன் ஒன்று இருந்தது. பட்டியலை அனுப்புகிறவர் "இதன் மொத்த அளவு இவ்வளவு" என்று முன்னால் ஒரு எண் எழுதி அனுப்புவார். சர்வர் அதை அப்படியே நம்பாமல் ஒவ்வொரு பதிவாக நடந்து பார்த்து, சரியான பதிவுகள் எங்கே முடிகின்றனவோ அந்த அளவாக எண்ணைத் திருத்திக்கொள்ளும். நல்ல யோசனைதான். தவறு, திருத்தி எழுதிய விதத்தில்.

அந்த எண் நான்கு பைட் பெட்டியில் இருந்தது. திருத்தும்போது நிரல் கீழ் இரண்டு பைட்டை மட்டுமே எழுதியது. நம் எண்களில் சொல்கிறேன். ஒரு நான்கு இலக்கப் பெட்டியில் 0100 என்று இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் சரியான அளவு 98. முழுப் பெட்டியையும் எழுதினால் 0098 ஆகும். கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் எழுதினால்? முன்னால் இருந்த 01 அப்படியே நிற்க, பெட்டியில் 0198 என்று ஆகிவிடும். குறைக்கப் போன எண் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. நிஜத் தாக்குதலில் 65,536 என்ற அளவு 65,373 ஆகக் குறைய வேண்டியது 1,30,909 ஆனது.

அப்புறம் நடப்பது இன்னும் விபரீதம். மெமரியில் இடம் ஒதுக்கும்போது சரியான பதிவுகளின் கணக்கில் ஒதுக்குகிறது. நகல் எடுக்கும்போது பெட்டியில் இருக்கும் தவறான எண்ணைப் பார்த்து எடுக்கிறது. 98-க்கான இடத்தில் 198 வரை கொட்டினால் மிச்சம் பக்கத்து இடத்தில் வழியும். எதை வழிய விட வேண்டும் என்பதை அனுப்புகிறவரே தீர்மானிக்கலாம் என்பதால், சர்வரும் அவர் கைக்குப் போய்விடும். இந்த ஓட்டையைப் பயன்படுத்திய கருவிக்குப் பெயர் எட்டர்னல்ப்ளூ. திருத்தம் எவ்வளவு தெரியுமா? பாதிப் பெட்டியை எழுதாதே, முழுதாக எழுது. அவ்வளவுதான்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருகிறேன். அந்த ஃபங்ஷன் ஒரு வெர்ஷனில் மட்டும் இருக்கவில்லை. ஒவ்வொரு புது வெர்ஷனும் பழையதன் நிரல் மேல்தான் எழுப்பப்படுகிறது. ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஒரே பரம்பரை வியாதி வருவது மாதிரி. சப்போர்ட் இருக்கிற தம்பிக்கு பேட்ச் வரும்போதெல்லாம், சப்போர்ட் முடிந்த அண்ணனின் ஓட்டையும் சேர்ந்தே அம்பலமாகலாம். தம்பிக்கு மருந்து கிடைத்துவிட்டது, அண்ணனுக்குக் கிடைக்காது.

2017 மார்ச் 14 அன்று அந்தத் திருத்தம் வந்தபோது, 2015 ஜூலையிலேயே சப்போர்ட் முடிந்திருந்த விண்டோஸ் சர்வர் 2003-க்குப் பொதுவில் எதுவும் வெளியாகவில்லை. ஏப்ரல் 14 அன்று தாக்குதல் கருவியே இணையத்தில் கசிந்தது. மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானக்ரை என்ற தீநிரல் அந்த ஓட்டை வழியாகக் கிளம்பிச் சுமார் 150 நாடுகளில் பரவியது. அதன் பிறகுதான் 2003-க்கும் அவசர பேட்ச் வந்தது. அன்று மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பகுதி சப்போர்ட் இருந்தும் பேட்ச் போடாமல் விட்ட விண்டோஸ் 7 கணினிகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். புது வெர்ஷனுக்குப் போய்விட்டு பேட்ச் போடாமல் இருந்தால், போய் என்ன பயன்?

"ஓடுகிறதைத் தொடாதே" என்பதை அனுபவப் பாடம் போலச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அது சுத்தமான மூடநம்பிக்கை. ரீஸ்டார்ட் செய்யவே பயப்படுகிற சர்வர் நன்றாக இருக்கும் சர்வர் கிடையாது, அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. பணம் தருகிறவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. புதிதாக ஒன்றைக் கட்ட உடனே நிதி கிடைக்கிறது, இருப்பதைப் பழுதுபார்க்கக் கேட்டால் இழுத்தடிக்கிறார்கள். இணையத்தின் பெரும்பகுதியில் தகவல்களை ரகசியமாகப் பூட்டி அனுப்பிய ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் 2014-இல் ஹார்ட்ப்ளீட் ஓட்டை வெளிவந்தபோது, அந்தத் திட்டத்துக்கு நன்கொடையாக வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் வந்துகொண்டிருந்தது.

சரி, மாறுவது எப்படி? எந்தெந்த நிரல் அந்த சர்வரை நம்பியிருக்கிறது என்று கணக்கெடுப்பது, பேக்கப் எடுத்து அதை ஒருமுறை மீட்டுப் பார்ப்பது, புது சர்வரில் நகலை வைத்துச் சோதிப்பது. இவை எல்லாரும் சொல்வதுதான். நான் சொல்ல விரும்புவது, சர்வரின் பெயரைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் அந்த இரவைப் பற்றி.

சர்வரின் பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்வது டிஎன்எஸ். அந்தப் பதிலை எத்தனை நொடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதும் கூடவே வரும், அதுதான் டிடிஎல். 86,400 என்றிருந்தால் ஒரு நாள் முழுக்க ஆட்கள் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருப்பார்கள். அதனால் இரண்டு நாள் முன்பே அதை 300-ஆகக் குறைத்துவிட வேண்டும். மாற்றும் நேரத்தில் குறைத்தால் பலன் இல்லை, பழைய 86,400-ஐ ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படித்தான் செய்தோம். பெயரைப் புது முகவரிக்குத் திருப்பிவிட்டு, பழைய சர்வரின் லாகை, அதாவது வருகிற கோரிக்கைகளை வரி வரியாகக் குறித்துவைக்கும் பதிவேட்டை, திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் மழை மாதிரி ஓடிய வரிகள் ஐந்து நிமிடத்தில் தூறலாகி, பிறகு நின்றுபோயின. 10:15-க்கு ஒரே ஒரு வரி வந்தது. 11:15-க்கு இன்னொன்று. அதே இடத்திலிருந்து, அதே கோரிக்கை. தேடிப் பார்த்தால், எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதிய அறிக்கை நிரல். பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியையே உள்ளே எழுதி வைத்திருந்தார். எங்கள் கணக்கெடுப்பில் அது சிக்கவே இல்லை. முகவரியை அழித்துப் பெயரைப் போட்டேன். 12:15-க்கு அந்த வரி புது சர்வரின் லாகில் விழுந்தது. பழையதை இன்னும் ஒரு வாரம் அணைக்காமல் வைத்து, தினமும் ஒருமுறை அதன் லாகைத் திறந்து பார்த்தேன். கடைசி வரியில் நேரம் 11:15-லேயே நின்றிருந்தது.