குளிர்காலக் கல்யாணமும் மங்கிக்கொண்டே போகும் வெளிச்சமும்

சூரியன் மறைந்து பத்து நிமிடம் ஆன பிறகும் வெளிச்சம் தாராளமாக இருப்பதுபோலத்தான் நம் கண்ணுக்குத் தோன்றும். கண்மணி விரிந்து, விழித்திரையும் தன் உணர்திறனைக் கூட்டிக்கொண்டே போவதால் எவ்வளவு ஒளி போய்விட்டது என்பதே தெரிவதில்லை. குளிர்காலத்தில் திறந்தவெளிக் கல்யாணத்தைப் படம் எடுப்பவர் இதை நம்பினால் மாட்டிக்கொள்வார். உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ் (விழும் ஒளியை அளக்கும் அலகு). வானம் தெளிவாக இருந்தால், சூரியன் மறையும் நேரத்தில் அது 400 லக்ஸ் அளவுக்கு இறங்கியிருக்கும். சூரியன் தொடுவானத்துக்கு 6 டிகிரி கீழே போகும்போது மிஞ்சுவது 3 லக்ஸ் சொச்சம்தான். மறைந்த பிறகான அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒளி நூறு மடங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது.

அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பது இடத்தைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குவதால் இருபது நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். வடக்கே 60 டிகிரி அட்சரேகையில், டிசம்பர் கடைசியில், சூரியன் சாய்வாக இறங்குவதால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். ஆனால் அங்கே நண்பகலிலேயே சூரியன் 7 டிகிரி உயரத்தைத் தொடுவதில்லை.

சரி, நூறு மடங்கு குறைந்தால் கேமராவில் என்ன ஆகும்? நடந்து வருகிற ஜோடி கலங்காமல் பதிய ஷட்டர் 1/125 வினாடிக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. லென்ஸின் துவாரத்தை எஃப் 2 வரை (எண் சிறிதானால் துவாரம் பெரிது) திறந்து வைத்தால், சூரியன் மறையும்போது ஐஎஸ்ஓ (பதிவான ஒளியைக் கேமரா பெருக்கிக் காட்டும் அளவு) 300 சொச்சம் போதும். 3 லக்ஸுக்கு வரும்போது அதே அமைப்புக்கு 30,000-ஐத் தாண்ட வேண்டியிருக்கும். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஐஎஸ்ஓவை ஏற்றியதால்தான் புள்ளி வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒளியே. ஒளி ஃபோட்டான்கள் என்ற துகள்களாக வருகிறது. அவை ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை. மணப்பெண்ணின் கன்னத்தில் ஒரே நிறமுள்ள ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்வோம். அதைப் பதிவு செய்யும் ஒவ்வொரு பிக்சலும் சராசரியாக 10,000 ஃபோட்டான்களைப் பிடித்தால், ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 100 அளவுக்கு இருக்கும். அது 1 சதவீதம், கண்ணில் படாது. ஒளி நூறில் ஒரு பங்காகி 100 ஃபோட்டான்கள் மட்டும் வந்தால் வித்தியாசம் 10. இப்போது அது 10 சதவீதம், வழவழப்பான கன்னம் சொரசொரப்பாகிவிடும். ஐஎஸ்ஓ அந்தக் குறைந்த பதிவைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கிரெய்ன் எனப்படும் இந்தப் புள்ளிகளுக்குப் பயந்து ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து எடுத்து, பிறகு கணினியில் வெளிச்சத்தைக் கூட்டினாலும் புள்ளிகள் போகாது. சில கேமராக்களில் இன்னும் மோசமாகும்.

ஆகவே கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாருக்கு அதிக ஃபோட்டான்கள் போய்ச் சேர வேண்டும். எஃப் 1.4 லென்ஸ் எஃப் 2-ஐப் போல இரண்டு மடங்கு ஒளி தரும். ஆனால் ஃபோகஸ் ஆழம் குறைந்துவிடும். இருவர் முகமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இல்லாவிட்டால் ஒன்று மங்கிவிடும். எனக்குப் பிடித்த வழி, ஜோடியை ஒரு கணம் அசையாமல் நிற்கச் சொல்வது. 1/30 வினாடிக்கு நின்றாலே நான்கு மடங்கு ஒளி கிடைத்துவிடுகிறது. நடக்கும் காட்சிகளை முன்னால் எடுத்துவிட்டு, நிற்கும் காட்சிகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

தரையெல்லாம் பனி மூடியிருந்தால் இன்னொரு சிக்கல். கேமராவின் ஒளிமானி எதிரில் உள்ளதை நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். வெண்பனி சாம்பலாகி, முகங்கள் இருண்டுவிடும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு ஒளி) நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

சூரியன் மறைந்த பிறகு வரும் அந்த ஆழ்ந்த நீலத்தில் ஓசோனுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்போது உச்சி வானத்துக்கு வரும் ஒளி ஓசோன் படலத்தினூடே வெகுதூரம் சாய்வாகப் பயணிக்கிறது; வழியில் ஆரஞ்சும் சிவப்பும் உறிஞ்சப்படுகின்றன. 1953-இல் ஹல்பர்ட் என்ற இயற்பியலாளர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். இந்த நீலத்தைக் காப்பாற்ற ஃபிளாஷை மட்டும் நம்பக் கூடாது. ஃபிளாஷ் மின்னுவது மிகச் சிறிய நேரம்தான். ஷட்டரை 1/30 வரை தாமதித்தால் முகத்தை ஃபிளாஷும் வானத்தை அந்தி ஒளியும் பதிவு செய்யும். ஃபிளாஷ் மேல் ஆரஞ்சு ஜெல் (நிறத் தாள்) ஒட்டி, ஒயிட் பேலன்ஸை (எதை வெள்ளையாகக் கேமரா எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அமைப்பை) அதற்கேற்ப மாற்றினால் முகம் இயல்பாக வரும், வானம் இன்னும் நீலமாகும்.

குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும்; சட்டைப் பைக்குள் வைத்துச் சூடேற்றினால் ஓரளவு மீளும். அப்புறம், வெளியில் எடுத்துவிட்டு வெதுவெதுப்பான மண்டபத்துக்குள் போனால், உள்காற்றின் ஈரம் குளிர்ந்த லென்ஸில் பனித்துவிடும். வாசலுக்கு வெளியிலேயே மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட வேண்டும். உள்ளே தொடர்ந்து எடுக்க வேண்டுமென்றால், இன்னொரு கேமராவை முன்கூட்டியே மண்டபத்தில் வைத்திருப்பதே நல்லது.