பெசோவும் ரெயாலும்: டாலர் வழியே ஒரு கணக்கு

அர்ஜென்டினாவின் பெசோவைக் கொடுத்து பிரேசிலின் ரெயாலை நேரடியாக வாங்கும் சந்தை மிகச் சிறியது. அண்டை நாடுகள், மெர்கோசூர் வணிகக் கூட்டமைப்பின் இரு பெரிய உறுப்பினர்கள். ஆனாலும் விகிதம் டாலர் வழியாகத்தான் பிறக்கிறது. ஒரு டாலருக்கு எத்தனை பெசோ என்பதை, ஒரு டாலருக்கு எத்தனை ரெயால் என்பதால் வகுத்தால் ஒரு ரெயாலின் பெசோ விலை கிடைக்கும். இதுதான் குறுக்கு விகிதம். ஆகவே இந்த விகிதம் ஏறினால் முதலில் கேட்க வேண்டியது: நகர்ந்தது பெசோவா, ரெயாலா?

அர்ஜென்டினா 1991 ஏப்ரலில் தன் நாணயத்தைச் சட்டப்படி டாலரோடு கட்டியது. அப்போதைய நாணயமான ஆஸ்திராலில் 10,000 கொடுத்தால் ஒரு டாலர்; 1992 சனவரியில் அந்த 10,000 ஆஸ்திரால் ஒரு பெசோ ஆனது. புழக்கத்தில் விடும் பணத்துக்கு ஈடாக மத்திய வங்கி அந்நியச் செலாவணிக் கையிருப்பு வைத்திருக்க வேண்டியிருந்தது. பிரேசில் 1994 சூலை 1 அன்று ரெயாலைக் கொண்டுவந்தது. பழைய நாணயமான குருசேரோ ரெயால் 2,750க்கு ஒரு புதிய ரெயால், மதிப்பு ஏறத்தாழ ஒரு டாலர். ஆனால் பிரேசில் தன் விகிதத்தைச் சட்டத்தில் பூட்டவில்லை. 1995 முதல் மத்திய வங்கி ஒரு வரம்புக்குள் ரெயாலின் மதிப்பைச் சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டே வந்தது.

இந்த வேறுபாட்டின் விலை 1999 சனவரியில் தெரிந்தது. கையிருப்பு கரைந்ததால் பிரேசில் ரெயாலை மிதக்க விட்டது, அதாவது அதன் விலையைச் சந்தையிடமே விட்டது. டாலருக்கு 1.21 ஆக இருந்தது அம்மாத இறுதியில் 2ஐ நெருங்கியது. பெசோ அசையவே இல்லை. ஆனாலும் பிரேசில்காரர் அர்ஜென்டினாவின் கோதுமைக்கும் காருக்கும் ரெயாலில் அறுபது சதவீதத்துக்கு மேல் கூடுதலாகத் தர வேண்டியதாயிற்று. அர்ஜென்டினாவின் ஏற்றுமதியில் சுமார் 30 சதவீதம் பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நாணய மதிப்பைக் குறைக்க வழியில்லாதபோது விலையும் கூலியும்தான் இறங்க வேண்டும். அவை மெதுவாக, வேலையிழப்பின் வழியாகத்தான் இறங்கும். அர்ஜென்டினாவின் டாலர் கட்டு பிறகு 2002இல் முறிந்ததற்குக் கடன் சுமை, வரவு செலவுப் பற்றாக்குறை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பக்கத்து நாட்டின் நாணயம் கொடுத்த அடியை விட்டுவிட்டு அந்த நெருக்கடியை விளக்க முடியாது.

2001 இறுதியில் ஒரு பெசோவுக்குச் சுமார் 2.3 ரெயால். 2002 சனவரியில் கட்டு அறுந்தது. சூன் இறுதியில் டாலர் 3.8 பெசோ, 2.84 ரெயால். வகுத்துப் பாருங்கள்: ஒரு பெசோவுக்கு 0.75 ரெயால்கூட இல்லை. அவ்வாண்டு பிரேசில் தேர்தல் பதற்றத்தில் ரெயாலும் சரிந்ததால், ஆண்டு முடிவில் இரண்டும் மீண்டும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று.

நீண்ட காலத் தரவைத் தொகுப்பவர்கள் சில இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். 1970க்கும் 1992க்கும் இடையில் அர்ஜென்டினா தன் நாணயத்திலிருந்து நான்கு முறை பூச்சியங்களை வெட்டியது: 2, 4, 3, 4 என மொத்தம் 13. இதைச் சரிசெய்யாத வரைபடம் வெறும் குப்பை. அடுத்தது சராசரி. 2023 டிசம்பர் 13 அன்று அதிகாரபூர்வ டாலர் ஒரே நாளில் 366இலிருந்து 800 பெசோவுக்குத் தாவியது. அம்மாதச் சராசரி 640ஐ ஒட்டி வரும். அந்த விலையில் ஒருநாள்கூட வியாபாரம் நடக்கவில்லை. இப்படிப்பட்ட மாதங்களுக்கு இறுதி நாள் விலையையே எடுங்கள். பிரேசில் பக்கம் அந்த நாட்டு மத்திய வங்கியின் ‘பிடாக்ஸ்’ விலையை எடுக்கலாம். காலை 10 முதல் பகல் 1 மணி வரை நான்கு முறை வங்கிகளிடம் விலை கேட்டு எடுக்கும் சராசரி அது.

எந்த டாலர் என்பதுதான் பெரிய கேள்வி. 2023 அக்டோபரில் அதிகாரபூர்வ விலை 350 பெசோ. ‘புளூ’ எனப்படும் கறுப்புச் சந்தை டாலர் 1,000ஐத் தொட்டது. ரெயால் அப்போது டாலருக்குச் சுமார் 5. ஆக ஒரு ரெயால் 70 பெசோவா, 200 பெசோவா? இறக்குமதி அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு முதலாவது, எல்லை தாண்டி நோட்டு மாற்றியவருக்கு இரண்டாவது. ஒரே தரவு வரிசையில் இரண்டையும் கலக்கக்கூடாது.

விலைவாசியைச் சேர்க்காமல் விகிதத்தை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். 2023 இறுதியில் டாலர் சுமார் 808 பெசோ, 4.84 ரெயால், ஆக ஒரு ரெயாலுக்கு 167 பெசோ. 2024 இறுதியில் சுமார் 1,032 பெசோ, 6.19 ரெயால், அப்போதும் 167. கோடு அசையவில்லை. ஆனால் அவ்வாண்டு அர்ஜென்டினாவில் விலைவாசி 117.8 சதவீதம் ஏறியது, பிரேசிலில் 4.83. விகிதத்தை பிரேசிலின் விலை ஏற்றத்தால் (1.0483) பெருக்கி, அர்ஜென்டினாவின் ஏற்றத்தால் (2.178) வகுத்தால் 80 வருகிறது. அதாவது அர்ஜென்டினர் கண்ணோட்டத்தில் பிரேசில் பாதி விலைக்கு வந்துவிட்டது. அந்தக் கோடை விடுமுறையில் (அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) தெற்கு பிரேசிலின் புளோரியனோபொலிஸ் கடற்கரைகளில் அவர்கள் குவிந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

இந்தக் கணக்கைப் பழைய ஆண்டுகளுக்குப் போடும்போது 2007 முதல் 2015 வரை அர்ஜென்டின அரசு வெளியிட்ட விலைக் குறியீட்டைத் தவிர்த்துவிடுங்கள். அது பணவீக்கத்தைக் குறைத்துக் காட்டியது. 2013இல் பன்னாட்டு நாணய நிதியமே கண்டனம் தெரிவித்தது. அந்தக் காலத்துக்கு சான் லூயிஸ் போன்ற மாகாணங்களின் குறியீடுகளே ஓரளவு நம்பத்தக்கவை.