பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் மாற்றுத்திறனாளி மாணவர் பிரதிநிதி: யார் நிற்கலாம், யார் வாக்களிக்கலாம்?

பிரிட்டனில் பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர் பெரும்பாலும் அன்றே மாணவர் சங்கத்தின் உறுப்பினராகவும் ஆகிவிடுகிறார். விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம், அதற்காக அவரை யாரும் பாரபட்சமாக நடத்தக் கூடாது. பல சங்கங்களில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று தேர்தல் மூலம் வரும் ஒரு பிரதிநிதி உண்டு. 'டிசேபிள்ட் ஸ்டூடண்ட்ஸ் ஆபீசர்' என்பது வழக்கமான பெயர். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிக்கப் போகிறவர்களில் பலர் இந்தப் பதவி தங்களுக்கும் உரியது என்று தெரியாமலே படிப்பை முடித்துத் திரும்பிவிடுகிறார்கள்.

முதலில் தயங்க வைப்பது, "நான் மாற்றுத்திறனாளிக் கணக்கில் வருவேனா?" என்ற கேள்வி. இந்தியாவில் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் என்று மருத்துவச் சான்றிதழ் வேண்டும். பிரிட்டனில் சதவீதக் கணக்கே கிடையாது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, உடலிலோ மனத்திலோ உள்ள ஒரு குறைபாடு அன்றாட வேலைகளைக் கணிசமாகப் பாதித்து, 12 மாதமாவது நீடித்தால் அல்லது நீடிக்கக்கூடும் என்றால் போதும். மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள் இருந்தாலும், மாத்திரை இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்றுதான் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் பார்வைக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. புற்றுநோய், எச்.ஐ.வி., மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் மூன்றும் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே கணக்கில் வரும். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம், நீண்டகால மனச்சோர்வு, கால்-கை வலிப்பு எல்லாம் இந்த வரையறைக்குள் வரக்கூடியவை.

சங்கத் தேர்தலில் பல இடங்களில் இந்த அளவுக்குக்கூடப் போவதில்லை. "நான் மாற்றுத்திறனாளி" என்று மாணவர் தாமே சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள், சான்றிதழ் கேட்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மாற்றுத்திறனாளி அல்லாதவர் நிற்க முடியாது என்று விதி வைப்பதும் சட்டத்துக்கு உட்பட்டதே. மாற்றுத்திறனாளிகளைக் கூடுதல் சலுகையோடு நடத்துவது மற்றவர்களுக்கு எதிரான பாகுபாடு ஆகாது என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது.

யார் வாக்களிப்பது என்பதில்தான் சிக்கல். 1994ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 22ஆம் பிரிவு, சங்கத்தின் முக்கியப் பதவிகளுக்கு எல்லா உறுப்பினர்களும் வாக்களிக்கும் ரகசியத் தேர்தல் வேண்டும் என்கிறது. படிப்பை ஓராண்டு நிறுத்திவிட்டோ முடித்த கையோடோ சம்பளத்துக்குச் செய்யும் முழுநேரப் பதவி பொதுவாக இந்த வகையில் வரும். 'சபாட்டிக்கல்' பதவி என்பார்கள். அப்படி ஒரு பதவியாக இது இருந்தால், மாற்றுத்திறனாளி அல்லாத பல்லாயிரம் பேரும் வாக்களிப்பார்கள். படித்துக்கொண்டே செய்யும் பகுதிநேரப் பதவி என்றால், மாற்றுத்திறனாளி மாணவர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று சங்கம் விதி வகுக்க முடியும். பகுதிநேரப் பிரதிநிதி தம் மக்களுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும், ஆனால் நேரமும் பணமும் இருக்காது. முழுநேரப் பிரதிநிதிக்கு இரண்டும் உண்டு, ஆனால் தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் சாய்தளத்தின் அருமை தெரியாதவர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், சிறு மதிப்பூதியமாவது தரும் பகுதிநேரப் பதவியே மேல் என்போம். ஒன்றை மறக்க வேண்டாம்: ஊதியம் பெறும் பதவியில் ஒருவர் ஒரே பல்கலைக்கழகத்தில் மொத்தம் 2 ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

வாக்காளர் பட்டியலில் அடிக்கடி கோளாறு நேர்கிறது. மாற்றுத்திறனாளிகள் மட்டும் வாக்களிக்கும் தேர்தலில், சேர்க்கைப் படிவத்தில் போட்ட டிக் குறியையோ, சங்கத்தின் இணையக் கணக்கில் பதிந்த விவரத்தையோ வைத்துத்தான் பட்டியல் தயாராகும். உடல்நல விவரம் தனிப் பாதுகாப்பு உள்ள தரவு என்பதால் பல்கலைக்கழகம் அதைச் சங்கத்துக்கு அப்படியே தூக்கிக் கொடுக்காது. ஆகவே மாற்றுத்திறனாளி உதவிப் பிரிவில் பதிவு செய்திருந்தாலும் சங்கத்தின் பட்டியலில் பெயர் இல்லாமல் போகலாம். சேர்ந்த பிறகு குறைபாடு கண்டறியப்பட்டவர்கள் இப்படித்தான் விடுபடுகிறார்கள். வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் முன்பே சங்கக் கணக்கில் நுழைந்து பாருங்கள்.

முதன்மைத் தேர்தல் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். காலி இடங்களுக்கு அக்டோபரில். வேட்புமனு, தேர்தல் அறிக்கை, கேள்வி-பதில் கூட்டம், இணைய வாக்குப்பதிவு என்று வரிசையாகப் போகும். பல சங்கங்களில் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். உதாரணத்துக்கு 200 வாக்கில் முதலாமவருக்கு 90, இரண்டாமவருக்கு 70, மூன்றாமவருக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கடைசியில் உள்ளவர் நீக்கப்பட்டு, அவருடைய 40 சீட்டின் இரண்டாம் விருப்பம் எண்ணப்படும். அதில் 30 இரண்டாமவருக்கும் 5 முதலாமவருக்கும் போய், 5 சீட்டில் அடுத்த விருப்பமே இல்லை என்றால், இரண்டாமவருக்கு 100, முதலாமவருக்கு 95 என்று ஆகி இரண்டாமவர் வெல்வார். ஒரே ஒருவர் நின்றாலும் தேர்தல் உண்டு. 'ரீ-ஓப்பன் நாமினேஷன்ஸ்', சுருக்கமாக 'ரான்', என்ற பெயரும் சீட்டில் இருக்கும். அது வென்றால் மறுபடி வேட்புமனு வாங்க வேண்டியதுதான்.

வேட்பாளருக்குத் தேவையான வசதிகளை மனு கொடுக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர், கூட்டத்துக்கு முன்கூட்டியே கேள்விகள், சக்கர நாற்காலி நுழையும் அரங்கு, ஸ்கிரீன் ரீடரில் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) படிக்கக்கூடிய வாக்குப்பதிவுப் பக்கம் இவையெல்லாம் 'நியாயமான மாற்றங்கள்' என்ற சட்டக் கடமைக்குள் கேட்கக்கூடியவை. இந்தச் செலவைப் பிரச்சாரச் செலவு வரம்பில் சேர்க்கக் கூடாது என்றும் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காது கேளாத வேட்பாளரின் பணம் முழுதும் மொழிபெயர்ப்பாளருக்கே போய்விடும், துண்டறிக்கைக்கு ஒன்றும் மிஞ்சாது.

மாணவர் விசாவில் இருப்பவர் பொதுவாகக் கல்விக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. சபாட்டிக்கல் பதவிக்கு விதிவிலக்கு உண்டு. பல்கலைக்கழகத்தின் விசா ஸ்பான்சர்ஷிப்பில், மொத்தம் 2 ஆண்டு வரை முழுநேரமாகச் செய்யலாம். மனு கொடுக்கும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள். பகுதிநேரப் பதவிக்கு மதிப்பூதியம் இருந்தால் அது 20 மணி நேரத்தில் சேருமா என்றும் அங்கேயே கேளுங்கள்.

வென்றவர் மாணவர் மன்றத்திலும் பல்கலைக்கழகக் குழுக்களிலும் பேசுவார், தீர்மானம் கொண்டுவருவார். ஒரு மாணவரின் தேர்வுக்குக் கூடுதல் நேரம் வாங்கித் தருவது அவர் வேலையில்லை, அதற்கு உதவிப் பிரிவும் சங்கத்தின் ஆலோசனை மையமும் இருக்கின்றன. வெளிநாட்டு மாணவர்களுக்கு அரசின் மாற்றுத்திறனாளி மாணவர் உதவித்தொகை பொதுவாகக் கிடைக்காது. ஆனால் நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமை பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் விஷயத்திலும் உண்டு. அந்தக் கடமையை நிர்வாகத்துக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்டுவதுதான் பிரதிநிதியின் பெரிய பணி.

தேர்தலில் முறைகேடு என்றால் முதலில் தேர்தல் அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். பல சங்கங்களில் எண்ணிக்கை தொடங்கும் முன் புகார் வர வேண்டும் என்று காலக்கெடு இருக்கும். தேர்தல் நேர்மையாக நடந்ததா என்று உறுதி செய்துகொள்ளும் பொறுப்பு, 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்கு உண்டு. சங்கம் தட்டிக்கழித்தால், அந்தக் குழு நியமிக்கும் சுதந்திரமான ஒருவர் புகாரை விசாரிக்கவும் அச்சட்டம் வழி வைத்திருக்கிறது.