பேராசைக்காரி கடனைக் கட்டுவாளா?

போன வாரம் மலேசிய இடைநிலைப் பள்ளியின் படிவம் நான்கு மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தினேன். பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் ‘நெக்லஸ்’ கதை நாயகியின் குணநலனை விளக்கச் சொல்லியிருந்தேன். பதினொரு பேரில் ஒன்பது பேர் ஒரே மாதிரி தொடங்கியிருந்தார்கள்: ‘மத்தில்டா பேராசை பிடித்தவள்.’ அடுத்த வரி, ‘பேராசை பெருநஷ்டம்.’

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பல ஆண்டுகளாக இலக்கிய வகுப்பு நடத்துகிறேன். இந்த இரண்டு வரிகளைப் பார்க்கும்போது இன்றும் மனம் சோர்ந்துபோகிறது. பிழை பிள்ளைகளுடையது அன்று. கதையைப் படிக்கும் முன்பே படிப்பினையை மனப்பாடம் செய்ய வைப்பது நாம்தான்.

1884-இல் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் வந்த கதை அது. அமைச்சு ஒன்றில் எழுத்தராக இருப்பவனின் மனைவி, விருந்துக்காகத் தோழியிடம் வைர நெக்லஸை இரவல் வாங்குகிறாள், அதைத் தொலைத்துவிடுகிறாள். அதேபோல் இன்னொன்றை 36,000 பிராங்குக்கு வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள். கணவனின் தந்தை விட்டுப்போன 18,000 பிராங்கும் கரைந்தது. மீதிக்குக் கடன். அதை அடைக்கப் பத்து வருடம். கடைசியில்தான் தெரிகிறது, தொலைந்தது போலி நகை. மிஞ்சிப்போனால் 500 பிராங்கு பெறும்.

விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பேராசைக்காரியாக இருந்தால் இந்தக் கடனைக் கட்டியிருப்பாளா? வகுப்பு அமைதியானது. பிறகு ஒரு மாணவி மெதுவாகச் சொன்னாள்: “இல்லை டீச்சர். அவள் நேர்மையானவள்.”

அங்கிருந்துதான் வாசிப்பு தொடங்கியது. நகை தொலைந்ததும் கணவன் என்ன செய்கிறான்? கொக்கி உடைந்துவிட்டது, பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறேன் என்று தோழிக்குக் கடிதம் எழுதச் சொல்கிறான். அவளும் எழுதுகிறாள். பத்து வருட உழைப்பும் அந்தச் சின்னப் பொய்க்குள் அடங்கியிருக்கிறது. ‘தொலைத்துவிட்டேன்’ என்று அன்றே சொல்லியிருந்தால், 500 பிராங்கோடு முடிந்திருக்கும். பணத்தில் அத்தனை நேர்மையாக இருந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. மானம் தடுத்தது. நம் வீடுகளில் தெரியாததா இது? அதே மாணவி சொன்னாள்: அவளுடைய அம்மா உறவினர் கல்யாணத்துக்குச் சின்னம்மாவின் பதக்கச் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டாராம். இரவு முழுவதும் அம்மாவின் கை கழுத்துக்கே போய்க்கொண்டிருந்ததாம். அவள் சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

கணவன் கடன் வாங்கும் பகுதியை உரக்கப் படிக்கச் சொன்னேன். ஒருவரிடம் 1,000, இன்னொருவரிடம் 500, பிறகு கொடும் வட்டிக்காரர்கள், கட்ட முடியுமா என்றே தெரியாமல் போட்ட கையெழுத்துகள். “வட்டி முதலை!” என்றான் ஒருவன். ஆம், பாரிஸிலும் அவர்கள் இருந்தார்கள்.

முரண்நகை (நினைப்பதும் நடப்பதும் எதிரெதிராக அமைவது) என்றால் கடைசி வரியில் வரும் திடீர்த் திருப்பம் என்று பலர் எழுதிக்கொடுக்கிறார்கள். அது தவறான பாடம். மாப்பசான் உண்மையை ஒளித்து வைக்கவே இல்லை; நம் கண் முன்னால் வைத்திருக்கிறார். நகைப் பெட்டியின் உள்ளே ஒரு நகைக்கடைக்காரரின் பெயர் இருக்கிறது. அவரிடம் போய்க் கேட்டால், கணக்குப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “நெக்லஸை நான் விற்கவில்லை, பெட்டியை மட்டும்தான் கொடுத்திருப்பேன்” என்கிறார். வைரம் ஓரிடம், பெட்டி ஓரிடமா என்று கேட்க அவர்களுக்கு மனநிலை இல்லை. படிக்கும் நமக்கும் இல்லை. அடுத்து, இரவல் கேட்டபோது தோழி ஒரு நொடியும் தயங்காமல் கொடுத்துவிடுகிறாள். உண்மையான வைரத்தை யார் அப்படிக் கொடுப்பார்கள்? புது நெக்லஸைத் திருப்பிக் கொடுக்கும்போது, ‘பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவாளோ’ என்று மத்தில்டா நடுங்குகிறாள். தோழி திறக்கவே இல்லை. திறந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் வெளிவந்திருக்கும். எதற்கு அவள் பயந்தாளோ, அதுவே அவளைக் காப்பாற்றியிருக்கும். முரண்நகைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை ‘பேராசை பெருநஷ்டம்’ என்று ஒப்பித்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். ‘பெட்டியை ஏன் திறக்கவில்லை?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் கதையைப் படித்திருக்கிறது. வராவிட்டால், வழிகாட்டி நூலை மூடிவைத்துவிட்டுக் கதையை எடுத்துக் கொடுங்கள். எட்டுப் பத்துப் பக்கம்தான்; இரவு உணவுக்கு முன் முடித்துவிடலாம்.

வகுப்பு முடியும் நேரத்தில், தோழி இனி என்ன செய்வாள் என்ற விவாதம் வந்தது. உண்மை தெரிந்ததும் மத்தில்டாவின் இரு கைகளையும் அவள் பற்றிக்கொள்கிறாளே, ஆகவே திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்றனர் சிலர். நகை போலி என்று தோழி சொல்வதோடு கதை முடிகிறது, மாப்பசான் அதற்குமேல் ஒரு சொல்கூட எழுதவில்லை என்றேன். கடைசி வரிசையில் அதுவரை வாய் திறக்காத ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், அவள் இப்போதாவது வீட்டுக்குப் போய் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பாளா?”